முதுகுக்குக் கீழே ஒரு குளிர்

வா கண்ணு, வா! சாரணர் முகாமுக்கு ஊட்டி போகிறாயாமே? கூடாரத்தில் தூங்குவது இதுதான் முதல் தடவையா? சபாஷ்! சாரணர் இயக்கம் பிறந்ததே ஒரு முகாமில்தான், தெரியுமா? 1907-ஆம் ஆண்டு பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்குச் சிறுவர்களை அழைத்துப் போய் அந்த முகாமை நடத்தினார்.

சரி, பையைக் காட்டு பார்க்கலாம். ஸ்வெட்டர், குல்லா, டார்ச், விசில், தண்ணீர் பாட்டில். எல்லாம் இருக்கிறது. போர்த்திக்கொள்ள இரண்டு கம்பளி. கீழே விரிக்க?

ஒன்றுமில்லையா? அப்படியானால் ராத்திரி தூக்கம் வராது!

ஏன் என்று கேட்கிறாயா? நல்ல கேள்வி. பதிலை உன் காலே சொல்லும். நாளைக் காலை எழுந்ததும் ஒரு காலைச் சிமென்ட் தரையில் வை. இன்னொரு காலைக் கோரைப்பாயில் வை. தரை ஜில்லென்று இருக்கும். பாய் அப்படி இருக்காது. ஆனால் இரண்டும் ராத்திரி முழுக்க ஒரே அறையில்தானே கிடந்தன? தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும்.

வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. உன் உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். சிமென்ட் அந்தச் சூட்டை மளமளவென்று இழுத்துக்கொள்ளும். பாயின் கோரைக்குள்ளும் இடுக்குகளிலும் காற்று இருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் சூடு காலிலேயே தங்குகிறது. இதுவரை புரிந்ததா?

இப்போது கம்பளிக்கு வருவோம். மேலே போர்த்திய கம்பளி உப்பலாக இருக்கும். அதற்குள் நிறையக் காற்று. அதையே கீழே விரித்துப் படுத்தால் உன் எடை அதை நசுக்கிவிடும். காற்று வெளியேறிவிடும். பிறகு ஈர மண் உன் முதுகுச் சூட்டை விடிய விடிய உறிஞ்சும். மேலே எத்தனை போர்த்தினாலும் முதுகு நடுங்கும்.

அதனால்தான் முகாமுக்குப் போகிறவர்கள் ஃபோம் பாய் கொண்டுபோகிறார்கள். அதிலுள்ள குட்டிக் குட்டிக் காற்றறைகள் அவ்வளவு சீக்கிரம் நசுங்காது. அது இல்லையா? கவலையே வேண்டாம். மளிகைக் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கு. அதன் வெட்டு முனையைக் கண்ணருகில் வைத்துப் பார். இரண்டு தாளுக்கு நடுவே மூன்றாவது தாள் ஒன்று வளைந்து வளைந்து ஓடுகிறதா? அந்த வளைவுகளுக்குள் இருப்பதும் காற்றுதான்! தரையில் தார்ப்பாய், அதன்மேல் இரண்டு அடுக்கு அட்டை, அதற்கும் மேலே ஜமுக்காளம். எனக்கு மிகவும் பிடித்த படுக்கை இது. செலவே இல்லை பார்!

கூடாரம் போடும் இடத்தையும் கவனி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொதுவாக ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிவிடும். மழைத்தண்ணீர் போல அதுவும் பள்ளம் பார்த்து இறங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைக்குந்தா போன்ற இடங்களின் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிவது இதனால்தான். பள்ளத்தை விட்டுக் கொஞ்சம் மேடான இடம் கேள். மழை வந்தாலும் தண்ணீர் தேங்காது.

காலையில் கூடாரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது என்று பயந்துவிடாதே. உங்கள் மூச்சில் இருந்த நீராவிதான் குளிர்ந்த துணியில் பட்டு நீர்த்துளியாகியிருக்கிறது. மேலே உள்ள சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் குறையும்.

குளிருக்காக யாராவது கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் மட்டும் உடனே தடு. ஆசிரியரைக் கூப்பிடு. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர்களின் உயிரையே எடுத்துவிடும். அடுப்பு எப்போதும் வெளியேதான், கண்ணு.

இன்னும் நாள் இருக்கிறதல்லவா? அப்பாவையோ அம்மாவையோ துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி மொட்டை மாடியில் படுத்துப் பார். முதலில் அட்டை இல்லாமல், பிறகு அட்டையோடு. எத்தனை அடுக்கு போட்டதும் முதுகுக்கு இதமாக இருந்தது என்று எனக்கு எழுது.