பாறை நகரமும் மண் நகரமும்
பெட்ராவிலிருந்து கொடுமணலுக்கு ஒரு வாசிப்பு

1

ஜோர்டானின் தெற்கில் இருக்கும் பெட்ராவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதன் வாசலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 'சீக்' என்று அரபியில் சொல்லப்படும் மலை இடுக்கு அது. சுமார் 1200 மீட்டர் நீளம். சில இடங்களில் 3 மீட்டர்தான் அகலம். இரண்டு பக்கமும் 80 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும் மணற்கல் சுவர்கள். வளைந்து வளைந்து நடந்து கடைசித் திருப்பத்துக்கு வந்தால், கீற்று போன்ற திறப்பின் வழியே, பாறையில் செதுக்கிய 40 மீட்டர் உயர முகப்பு ஒன்று தெரிகிறது. 1989இல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படம் இந்தக் காட்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2019இல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த இடுக்கில் நடந்து போயிருக்கிறார்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பெட்ராவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. வாயடைத்துப்போக வைக்கும் ஒரு தரிசனம் எப்படித் தயாரிக்கப்படுகிறது, அது எதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் செய்கிறது என்பது பெட்ராவுக்கு மட்டுமான கேள்வியல்ல. நமது ஊரின் பழமையை நாம் எப்படிப் பார்க்கிறோம், ஏன் பார்க்காமலே இருக்கிறோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

2

முதலில் அந்த இடுக்கையே எடுத்துக்கொள்வோம். சீக்கை ஆறு அரித்து உண்டாக்கவில்லை. நில அசைவில் மலை பிளந்த பிளவு அது. பிளவு கிடைத்த பிறகு தண்ணீர் அதைத் தன் பாதையாக எடுத்துக்கொண்டது. ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் மழைதான் பெய்யும் நிலம். ஆனால் பெய்தால் ஒரே அடியாகப் பெய்துவிடும். வறட்சி, வெள்ளம் இரண்டுமே அங்கே ஆளைக் கொல்லும்.

நபத்தேயர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே யோசித்தார்கள். இடுக்கின் வாயில் அணை கட்டி, வெள்ளத்தைப் பாறையில் குடைந்த சுரங்கம் வழியாக வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். மூசா ஊற்றின் தண்ணீரை இடுக்கின் இரண்டு சுவர்களிலும் ஓடும் கால்வாய்கள் வழியாக ஊருக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால். மறு பக்கம் சுட்ட மண் குழாய். சின்ன மழையையும் விடாமல் பிடித்துவைக்க ஏராளமான தொட்டிகளைப் பாறையில் குடைந்தார்கள். பாலைவனத்தில் ஒரு நகரம் நின்றது இந்த வேலையால்தான்.

வருகிறவர்கள் முகப்பைப் பார்க்கும் அவசரத்தில் இடுப்பளவு உயரத்தில் கூடவே வரும் வாய்க்காலைக் கவனிப்பதில்லை. 1963 ஏப்ரலில் இடுக்குக்குள் திடீர் வெள்ளம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் நபத்தேயர் அணை இருந்த இடத்திலேயே புதிய அணை கட்டினார்கள். பழைய பொறியியலின் மதிப்பு இவ்வளவு உயிர் போன பிறகுதான் புரிந்தது என்றால், 'தரிசனம்' எதை மறைக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

3

இடுக்கின் முடிவில் நிற்கும் முகப்புக்குக் 'கஸ்னே', அதாவது கருவூலம் என்று பெயர். உண்மையில் அது கருவூலம் அல்ல, கல்லறை. கி.மு. 9 முதல் கி.பி. 40 வரை ஆண்ட நான்காம் அரேத்தாஸ் காலத்தது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். இதுபோன்ற முகப்புகளை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வருவார்கள். நம் கழுகுமலை வெட்டுவான் கோயிலிலும் இதே முறைதான். சாரம் தேவையில்லை, செதுக்கி முடித்த பகுதி மேலே, செதுக்க வேண்டியது காலடியில். ஆனால் ஒரு தப்படி விழுந்தாலும் ஒட்டவைக்க வழியில்லை.

'பாறையைக் குடைந்த நகரம்' என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். இந்தச் சொல்லே கொஞ்சம் ஏமாற்றுகிறது. பாறையில் குடைந்தவற்றில் பெருமுகப்புகளாக நிற்பவை பெரும்பாலும் கல்லறைகள். உயிரோடிருந்த மக்களின் கடைவீதி, கோயில், வீடுகளில் பெரும்பகுதி இடுக்கைத் தாண்டிய திறந்தவெளியில், கல் அடுக்கிக் கட்டியவை. கி.பி. 363இல் வந்த நிலநடுக்கத்தில் அந்த நகரத்தில் பெரும்பகுதி சரிந்துபோனது. ஆக, நமக்குப் பெட்ராவாகத் தெரிவது செத்தவர்களின் நகரம். வாழ்ந்தவர்களின் நகரம் மண்ணுக்கடியில் கிடக்கிறது. அதிகாரம் தன் சாவுக்குக் கல்லைத் தேர்ந்தெடுக்கிறது. உழைப்பவர்களின் வாழ்க்கைக்கு மண்ணே போதும் என்று விட்டுவிடுகிறது. பிறகு வரலாறு கல்லை மட்டும் படிக்கிறது.

அடுத்து, 'கண்டுபிடிப்பு' என்ற கதையாடல். 1812 ஆகஸ்டில் புர்க்ஹார்ட் என்ற சுவிஸ்காரர், முஸ்லிம் பயணியாக வேடமிட்டு, ஹாரூன் சமாதியில் ஆடு பலிகொடுக்க வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு அங்கே போய்ச் சேர்ந்தார். 'தொலைந்த நகரம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று இன்றுவரை பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கூட்டிக்கொண்டு போனவனுக்குத் தெரிந்த இடம் எப்படிங்க தொலைந்துபோகும்? ஐரோப்பாவுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குகைகளில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள் ப்தூல் என்னும் பதூயின் மக்கள். 1985இல் பெட்ரா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே காலத்தில் அவர்களை வெளியேற்றி, பக்கத்தில் உம் சைஹூன் என்ற புதுக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். மின்சாரம், பள்ளிக்கூடம், குழாய்த் தண்ணீர் எல்லாம் கிடைத்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் குடியிருந்த இடத்தில் பகலில் கழுதைச் சவாரி ஓட்டவும் மாலை விற்கவும்தான் இனி வரலாம். 'மனிதகுலத்தின் பொதுச்சொத்து' என்று ஒன்றை அறிவிக்கும்போது, அங்கே ஏற்கெனவே இருக்கிற மனிதர்கள் அந்த மனிதகுலத்தில் சேர்த்தியா இல்லையா என்பது தீர்க்கப்படாமலே கிடக்கிறது.

4

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். பெட்ராவின் இடுக்கு 3 மீட்டர் என்றால் இது 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலம். வாயடைக்க வைக்கும் காட்சி எதுவும் இதில் இல்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஆனால் 2000 ஆண்டுகளுக்கு முன் மேற்குக் கடற்கரையின் முசிறியில் இறங்கிய சரக்கும் நாணயமும் கொங்குக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான். நொய்யலை ஒட்டிக் கிழக்கே போய்க் கருவூரைச் சேரும் பாதை அது. கோவைக்குத் தென்மேற்கே மலையடிவாரப் பாறை ஒன்றில் 'ராஜகேசரிப் பெருவழி' என்று பெயர் பொறித்த கல்வெட்டு, பின்னாளிலும் அந்தத் தடம் உயிரோடு இருந்ததைக் காட்டுகிறது. தமிழ், வட்டெழுத்து இரண்டிலும் எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டு பக்கத்து ஆட்களும் படிக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.

வழியில் வெள்ளலூர். 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கோவைக்காரர்களுக்கு இன்று வெள்ளலூர் என்றால் மாநகராட்சிக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வருகிறது.

இன்னும் கிழக்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லி அணிகலன்களோடு சேர்த்துப் பேசுகிற ஊர் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. பெட்ரா பட்டியலில் சேர்ந்த அதே 1985இல்தான் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. கல்மணிகளைச் செதுக்கித் துளையிட்ட பட்டறைகள், பாதி வேலையில் நின்றுபோன மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் எல்லாம் கிடைத்தன. பச்சைக்கல் எனும் பெரில் கிடைக்கும் படியூர் பக்கத்தில்தான் இருக்கிறது. ரோமாபுரியின் பணம் ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறது என்று பிளினி புலம்பியதில் இந்தப் பட்டறைகளுக்கும் பங்கு உண்டு.

பெட்ராவும் கொடுமணலும் ஒரே வணிக வலையின் இரண்டு முனைகள். நபத்தேயர் பிழைத்தது தென் அரேபியச் சாம்பிராணியால். அந்தச் சாம்பிராணியை ஏற்றுமதி செய்த ஓமன் நாட்டுத் துறைமுகமான கோர் ரோரியில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்று கிடைத்திருக்கிறது. 'கீரன்' என்று முடியும் பெயர் அதில் இருக்கிறது. பருவக்காற்றைப் பிடித்துச் செங்கடலிலிருந்து நேரே முசிறிக்கு வரும் கப்பல்கள் பெருகியபோது, ஒட்டகப் பாதையை நம்பிய பெட்ராவின் பிடி தளர்ந்தது. கி.பி. 106இல் ரோம் அதை விழுங்கியது. அதே கப்பல்கள்தான் கொங்குப் பெருவழிக்கு உயிர் கொடுத்தன.

5

பெட்ராவின் முகப்புகள் பெரும்பாலும் ஊமை. யாருடையது என்று எழுத்தில்லை. ஆனால் அதே நபத்தேயர்களின் தென் நகரமான ஹெக்ராவில் (இன்றைய சவூதி அரேபியாவில் இருக்கிறது) கல்லறை முகப்புகள் பலவற்றில் உரிமையாளரின் பெயர் இருக்கிறது. சிலவற்றில் செதுக்கிய கல்தச்சரின் பெயரும் இருக்கிறது. உழைத்தவன் தன் பெயரை வெட்டிக்கொள்ள முடிந்த அபூர்வமான இடம் அது.

கொடுமணலில் முகப்பே இல்லை. இருப்பது ஓடுகள். ஆனால் நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழி எழுத்து. சோறும் தண்ணீரும் வைத்த பானையில் இன்னாருடையது என்று கீறிய பெயர்கள். கிழக்கே புகழூர் ஆறுநாட்டார் மலையில் சமண முனிவருக்குச் சேர இளவரசன் வெட்டிக்கொடுத்த கற்படுக்கையும் இருக்கிறது. கருவூர்ப் பொன்வணிகன் ஒருவன் பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. அரசனுக்கும் வணிகனுக்கும் பாறை கிடைத்தது. பட்டறைக்காரனுக்குப் பானைதான் கிடைத்தது. பாறையை மட்டுமே பாரம்பரியம் என்று எண்ணப் பழகிய கண்ணுக்கு, எழுதத் தெரிந்த சாதாரண ஆட்களின் இந்த ஊர் வெறும் மேட்டுக்காடாகத்தான் தெரியும்.

6

தண்ணீருக்கே திரும்புவோம். நொய்யலும் வறண்ட நிலத்து ஆறுதான். அதில் தடுப்பணை போட்டு, வாய்க்கால் வெட்டி, குளத்துக்குக் குளம் தண்ணீரைக் கடத்தியவர்கள் நபத்தேயருக்கு எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை. அந்த ஆற்றில் கொடுமணலுக்கு அருகில் 1992இல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டினோம். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் வந்து நின்றது திருப்பூர்ச் சாயக்கழிவு. விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை மூடினால் கூலிக்காரன் தெருவில். திறந்தால் ஆற்றங்கரைக்காரன் தெருவில். லாபம் பார்த்தவர்கள் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கவில்லை.

அன்று உலகச் சந்தைக்கு மணி செதுக்கிய ஊரும், இன்று உலகச் சந்தைக்குப் பனியன் தைக்கிற ஊரும் ஒரே ஆற்றின் கரையில்தான் இருக்கின்றன. அன்றைய கொடுமணல் பொற்காலம், இன்றைய திருப்பூர் சீரழிவு என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. மணிக்குத் துளைபோட்ட கைகளுக்கு என்ன கூலி கிடைத்தது, யார் யாருக்கு அடிமையாக இருந்தார்கள் என்பதை ஓடுகள் சொல்லவில்லை. பழமைப் பெருமிதம் அந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது. சாதிச் சங்க மேடைகளில் கொங்கின் தொன்மை பேசப்படும்போது கல் உடைத்தவனும் பானை வனைந்தவனும் எங்கே போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

எனவே நாம் செய்ய வேண்டியது கொடுமணலை இன்னொரு பெட்ராவாக்குவது அல்ல. சீட்டு வாங்கி நுழைந்து, படம் எடுத்துக்கொண்டு, அங்கேயே இருக்கிறவனை வேடிக்கைப் பொருளாக்கித் திரும்பும் பாதை நமக்கு வேண்டாம். மேட்டுக்காட்டில் உழுகிறவர்கள், ஆற்றங்கரை விவசாயிகள், சாயப்பட்டறைத் தொழிலாளர்கள் இந்த மூன்று தரப்பாரும் பேசாத ஒரு பாரம்பரியப் பேச்சு கொங்கில் இனி செல்லாது. எழுதுகிறவர்கள் முதலில் நொய்யலை ஒட்டி நடக்கலாம். வெள்ளலூரிலிருந்து தொடங்கினால் குப்பை நாற்றத்திலேயே பாதி வரலாறு புரிந்துவிடும்.