கணக்கு வைத்த பகுதி கணினியில் காணவில்லையா? பதற வேண்டாம்!

பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் இன்று கணினி வந்துவிட்டது. விலை கொடுத்து வாங்க வேண்டாத லினக்ஸும் நமக்குப் புதிதல்ல. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, விண்டோஸுடன் சேர்ந்து நம் பிள்ளைகளின் கைக்கும் வந்தது.

இவ்வாறு கணக்கு வைத்திருப்போருக்கு வரும் பெரிய திகில், காலையில் கடை திறந்து கணினியைப் போட்டதும் கணக்கு இருந்த பகுதியையே காணாமல் போவதுதான். அப்போது நாம் செய்யும் முதல் காரியமே கணக்கு தப்புமா தப்பாதா என்பதை முடிவு செய்கிறது.

ஹார்டு டிஸ்க்கை ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்த அறைகளே பார்ட்டிஷன்கள். எந்த அறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வாசலில் ஒரு பலகை உண்டு. அதுவே பார்ட்டிஷன் அட்டவணை. பலகை அழிந்தால் அறை தெரியாது. ஆனால் மூட்டைகள் உள்ளேயே இருக்கும். அந்த இடத்தில் புதுச் சரக்கை இறக்கினால்தான் பழையது போகும். ஆகவே, ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்றே சொல்ல வேண்டும். புதிதாக எதையும் அதில் பதியவும் கூடாது.

அடுத்து, லினக்ஸில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ என்னும் கருவியைத் திறந்து பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று தெரியும்.

ஒன்று: பகுதி இருக்கிறது, திறக்கப்படவில்லை. அங்குள்ள முக்கோணப் பொத்தானை அழுத்தினாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், அதன் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி அந்தப் பகுதியைப் பாதி மூடிய நிலையில் விட்டிருக்கலாம். விண்டோஸுக்குள் போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு, ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து லினக்ஸுக்கு வர வேண்டும்.

இரண்டு: டிஸ்க்கே தெரியவில்லை. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேபிள்களைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருக வேண்டும். நம் கரையின் உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கக் கூடியது. 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்திற்கே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன என்றால், தகர மேசை மேல் இருக்கும் கணினி எம்மாத்திரம்! டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நலம்.

மூன்று: டிஸ்க் தெரிகிறது, பகுதி இருந்த இடத்தில் ‘ஃப்ரீ ஸ்பேஸ்’, அதாவது காலி இடம் என்று காட்டுகிறது. பலகை அழிந்த நிலை இதுதான். முதலில் அதே அளவோ அதற்கு மேலோ உள்ள வேறு டிஸ்க்கில் முழு நகல் எடுக்க வேண்டும். பிறகு அந்த நகலில் ‘டெஸ்ட்டிஸ்க்’ என்னும் இலவச மென்பொருளை ஓட்டினால், பழைய அறைகளின் எல்லைகளைத் தேடிக் காட்டும். ஜி.பி.டி. முறையில் பிரித்த டிஸ்க்கில் அட்டவணையின் மறுபிரதி கடைசியிலும் இருப்பதால் மீட்க வாய்ப்பு அதிகம். பழைய எம்.பி.ஆர். முறையில் அந்த மறுபிரதி இல்லை.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். வாடிக்கையாளரின் கடன் பாக்கியும் அதே கணினியில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் வரவேண்டிய பணத்திற்கு ஆதாரம் ஏது?

எனவே, இரண்டு வெளி டிஸ்க்குகளை வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் வைப்போம். மாதம் ஒருமுறை நகலைத் திறந்து, கணக்கு சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்போம். கல்லாவைப் பூட்டாமல் நாம் வீட்டுக்குப் போவதில்லை. கணக்குக்கும் அதே கவனம் வேண்டும்.