ரெண்டு 'இண்டிகஸ்', ஒரு ரத்த மீன்

ரக்தமிக்திஸ். பேரைக் கேட்டா ஏதோ மருந்து மாதிரி இருக்கும். ஆனா பாதி நம்ம வார்த்தைதான்: 'ரக்தம்' என்றால் ரத்தம், 'இக்திஸ்' கிரேக்கத்தில் மீன். உயிரோடு பார்த்தால் சிவப்பாக, மண்புழு போல இருக்கும் ஒரு மீன் பேரினம் இது. மார்பு, இடுப்புத் துடுப்புகள் கிடையாது. செவுள் துளையும் தொண்டைக்குக் கீழே ஒன்றே ஒன்றுதான்.

சேற்று விலாங்குக் குடும்பம் என்று சொன்னாலும், நம்ம விலாங்குக்கு இது சொந்தமில்லை. குளத்தில் பிடிக்கிற ஆரல்தான் இதற்கு நெருக்கம். இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை.

இதில் எனக்குப் பிடித்தது பெயர்க் கதை. நிரல் எழுதுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது, வேறு ஃபோல்டரில் இருக்கலாம். விலங்குப் பெயரிடலும் அப்படித்தான், பேரினம்தான் ஃபோல்டர்.

1961-ல் சைலஸ், டாசன் இருவரும் மகாபலேஸ்வரத்தில் கிடைத்த ஒரு மீனுக்கு 'ஆம்ஃபிப்னஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1963-ல் ஈப்பன், கோட்டயத்தில் கிடைத்த வேறொரு மீனுக்கு 'மோனோப்டெரஸ் இண்டிகஸ்' என்று வைத்தார். வேறு வேறு ஃபோல்டர், சிக்கல் இல்லை. 1976-ல் ரோசனும் கிரீன்வுட்டும் இரண்டு பேரினங்களையும் ஒன்றாக்கியதும் பெயர் மோதியது. மூத்த பெயர் நின்றது. ஈப்பனின் மீனுக்கு 1991-ல் தல்வார் 'ஈப்பனி' என்று புதுப் பெயர் கொடுத்தார், அவர் நினைவாகவே.

2020-ல் பிரிட்ஸ் குழுவினர் எலும்பமைப்பை ஆராய்ந்து ரக்தமிக்திஸ் பேரினத்தை உருவாக்கினார்கள். ஈப்பனின் மீன் இதற்குள் வந்தது, சைலஸின் மீன் ஒஃபிக்திஸுக்குப் போனது. மோதல் தீர்ந்ததால் பழைய பெயரே திரும்பி வந்தது: ரக்தமிக்திஸ் இண்டிகஸ்!

மற்ற இனங்களில் ரோசெனி, டைக்ரெஸஸ் இரண்டும் கேரளத்துக்காரர்கள். 2018-ல் விவரிக்கப்பட்ட ரோங்சா மேகாலயாவின் காசி மலையில், ஈர மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. காசி மொழியில் அந்தப் பெயருக்குச் சிவப்பு என்று பொருள். 2023-ல் வந்த மும்பா, மும்பை ஜோகேஸ்வரியில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் கிணற்றில் கிடைத்தது. அந்த மீனுக்கும் பார்வை கிடையாது.

கவனித்தீர்களா? இவற்றில் பல வீட்டுக் கிணறு வழியாகத்தான் வெளியே தெரிந்தன. நிலத்தடி நீர்தான் இவற்றின் வீடு. கிணறு நமக்குக் கிடைத்த ஒரு ஜன்னல். கேரளத்தில் மக்கள் கொடுத்த தகவலால் கிடைத்த ஒரு நிலத்தடிக் கெளுத்திக்கு, மக்களைக் குறித்து 'ஹோராக்லானிஸ் போபுலி' என்றே பெயர் வைத்தார்கள்.

எங்க விருதுநகர்ப் பக்கம் இந்தப் பேரினம் பதிவானதில்லை. பாறை பூமி, மழையும் குறைவு. ஆனால் போர் போட்ட பிறகு பழைய கிணறுகளைக் குப்பை கொட்டி மூடுகிறோம். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கிற வாய்ப்பும் அதோடு போய்விடும்.

அடுத்த முறை கிணற்றில் தூர் வாரும்போது சிவப்பாக ஏதாவது நெளிந்தால், புழு என்று தூக்கிப் போடாதீங்க. தொண்டைக்குக் கீழே ஒரு பிளவு இருக்கிறதா பாருங்க. இருந்தால் ஒரு போட்டோ எடுத்து, பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் காட்டுங்க.