கிராம ஜனத்தொகையும் போக்குவரத்தும்

ஒரு கிராமத்து ஜனங்களை எண்ணிவிட்டால் மட்டும் அதன் நிலைமை விளங்கிவிடாது. அவர்கள் வெளியூர் சென்று பொழுதோடு திரும்ப வழியுண்டா என்பதையும் கணக்கிட வேண்டும். காரைக்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு இது முற்றிலும் பொருந்தும்.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930ல் ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆயினும் ரயில் நிலையத்துக்கும் கிராமத்துக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு அக்காலத்தில் மாட்டுவண்டியே பெரும்பாலும் துணை. இன்று அந்த இடத்தில் இருப்பது பஸ்.

2011ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி சிவகங்கை ஜில்லாவில் 1,000 ஆண்களுக்கு 1,003 ஸ்திரீகள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் திரவியம் தேடிச் சென்ற ஆண்களைக் கொண்டது செட்டிநாடு. ஆண்கள் வெளியே சென்றால், வீட்டில் நிற்போர் ஸ்திரீகளும் முதியோரும் குழந்தைகளுமே. பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் பஸ்ஸை எதிர்பார்ப்பவர்களும் இவர்களே. சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்கு 2021 முதல் கட்டணமில்லை, இது போற்றத்தக்கதே. ஆனால் வேளைக்கு வராத பஸ்ஸில் கட்டணமில்லையென்பதால் யாருக்கு என்ன லாபம்?

அடுத்த ஜனக்கணக்கு 2027ஆம் வருஷத்துக்கென அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடையே 16 வருஷங்கள்! புதிய எண்கள் வந்ததும் அவற்றைக் காரியாலய அலமாரியில் பூட்டிவிடலாகாது. எந்தக் கிராமத்தில் எத்தனை முதியோர், எத்தனை மாணவர் என்று பார்த்து, அதற்கேற்பப் பஸ் நேரங்களை அதிகாரிகள் வகுக்க வேண்டும். கணக்கெடுப்பின் பயன் அதுவேயாகும்.