ஆமை போட்ட கோலம்: கணினி மொழியும் நம் பிள்ளைகளும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் போனக்காடு வரும். அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் புறப்படும் இடம் அது. தேயிலைத் தோட்டம் நொடித்துப்போன பின்னும் அங்குள்ள லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அங்கே ஒரு பிள்ளைக்கு வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கணினியின் முன் உட்கார்ந்தால் ஆங்கிலம். மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். "கம்ப்யூட்டர் படிக்கணும்னா இங்கிலீஷ் நல்லா வரணும்" என்று நாமே சொல்லி அவர்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். அது எந்த அளவுக்கு உண்மை? ஓர் ஆமையை வைத்துப் பார்ப்போம்.

ஆமை வந்த கதை

1967ல் அமெரிக்காவில் வாலி ஃபோர்செய்க், சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அதற்கு ஓர் 'ஆமை' துணையாக வந்தது. முதலில் அது தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு இழுக்கும் சின்ன இயந்திரம். பிறகு திரையில் நகரும் குறியாக மாறியது. பேப்பர்ட் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயுடன் பணியாற்றியவர். குழந்தை தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும்போதுதான் அறிவு ஊன்றுகிறது என்பது அவர் கட்சி. 1980ல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலில் இதை விரிவாக எழுதினார்.

எப்படி வேலை செய்கிறது?

ஆமைக்கு இரண்டே விஷயம் தெரியும்: இருக்கும் இடம், பார்க்கும் திசை. 'முன்னே 100' என்றால் நூறு அடி வைக்கும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே தொண்ணூறு பாகை திரும்பும். இந்த இரண்டையும் நான்கு தடவை செய்யச் சொன்னால் சதுரம். நான்கு முறை எழுத வேண்டியதில்லை. 'நான்கு தடவை செய்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். கணினி நிரலில் 'மடக்கு' எனப்படுவது இதுதான்.

அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளை, 'முன்னே 100, வலம் 60' என்று மூன்று தடவை சொல்லும். முக்கோணம் வராது; அறுகோணத்தில் பாதிதான் வரும். ஏன்? ஆமை நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. உள்கோணம் 60 ஆக வேண்டுமானால் அது 180லிருந்து 60 போக மீதி 120 பாகை திரும்ப வேண்டும். பிள்ளை எழுந்து தானே நடந்து பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய திசைக்கே வர மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும். ஆகவே முக்கோணத்துக்கு 120, சதுரத்துக்கு 90, ஐங்கோணத்துக்கு 72. ஐந்து முனை நட்சத்திரத்துக்கு மட்டும் 144. ஏனென்றால் அதில் ஆமை இரண்டு சுற்றுத் திரும்புகிறது. தப்பாக வந்த படத்தை யாரும் சிவப்பு மையால் அடிப்பதில்லை. எங்கே பிசகியது என்று பிள்ளையே தேடும். இந்தத் தேடல்தான் நிரல் எழுதுவதில் பாதி வேலை.

கோலமும் ஒரு நிரல்தான்

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளி வைத்து, கையை எடுக்காமல், எங்கே நேரே, எங்கே வளைவு என்று மனசில் வைத்துச் சிக்குக் கோலம் போடுகிற பாட்டி செய்வதும் இதே காரியந்தான். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களுக்குக் கணினியியல் முறையில் இலக்கணம் வகுத்து 1974ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் அயல்நாட்டு ஆய்வாளர்கள் 'கண்ணன் சிலம்பு' போன்ற கோலங்களை ஆமைக் கட்டளைகளாலேயே வரைந்து காட்டினார்கள்.

தமிழில் முடியுமா?

கேரளத்தில் 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017ல் 'கைட்' நிறுவனமாயிற்று. கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் பரப்பிய திட்டம் அது. 2010களின் பின்பாதியில் பத்தாம் வகுப்பு ஐ.சி.டி. பாடத்தில் பைத்தான் மொழியின் ஆமை வரைகலை இடம்பெற்றது. தமிழ் வழிப் பாடநூல்களும் அச்சாகிற மாநிலம் இது. ஆனால் விளக்கம் தமிழில் இருந்தாலும் பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே.

இந்தக் குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை 2007 முதல் 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அதிலும் ஆமை வரைகலை உண்டு. எழில் மட்டும் கற்றால் நாளை வேலை கிடைக்குமா என்று கேட்கலாம். கிடைக்காது, ஆங்கிலமும் பிற மொழிகளும் பிறகு வேண்டியதுதான். ஆனால் முறையாக யோசிப்பது ஒன்று, ஆங்கிலச் சொல் அறிவது வேறொன்று. முதலாவது கைவந்தவனுக்கு இரண்டாவது பத்திருபது சொல்தான். இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால், புத்திசாலிப் பிள்ளையும் "எனக்கு இது வராது" என்று ஒதுங்கிவிடும். போனக்காட்டுப் பிள்ளைக்கு அந்த ஒதுங்கல் நம் பிள்ளையைவிட அதிக நஷ்டம். தோட்ட வேலையும் இல்லாத இடத்தில் படிப்பு ஒன்றுதானே வழி!

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைத் தொடங்கக் கணினிகூட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிள்ளையை ஆமையாக முற்றத்தில் நிறுத்துங்கள். இன்னொரு பிள்ளை தமிழில் கட்டளை சொல்லட்டும்: "நாலடி முன்னே போ, வலப்பக்கம் திரும்பு." சொன்னதை மட்டும்தான் ஆமை செய்ய வேண்டும். சதுரம், முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் நடந்து முடித்த பிறகு கணினியைத் திறக்கலாம். பைத்தான் இலவசம், ஆமை அதனுடனேயே வருகிறது. கணக்கும் தமிழும் சேர்ந்தே வளர இது நல்ல வழி.