கைபடாததும் உடையாததும்

சேதமின்றி முழுமையாக எஞ்சியிருக்கும் பொருளைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடைகளுள் ஒன்று 'இன்டாக்ட்'. 15ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்த இச்சொல், இன்மையைச் சுட்டும் 'இன்' என்னும் முன்னொட்டும், தொடுதலைக் குறிக்கும் 'தாங்கெரே' என்னும் வினையிலிருந்து பிறந்த 'தாக்துஸ்' என்னும் எச்ச வடிவமும் சேர்ந்து உருவானது; ஆகவே கைபடாதது என்பதே அதன் வேர்ப்பொருளாகும்.

இந்த வேர் பெருங்குடும்பம் ஒன்றின் தாய். முன்னொட்டுச் சேரும்போது வேரின் உயிரொலி திரிவது இலத்தீனின் இயல்பு ஆதலால், முழு எண்ணைக் குறிக்கும் 'இன்டிஜர்' என்னும் கணிதச் சொல்லில் அதே வேர் ஒலி மாறி நிற்கிறது. அதுவே பிரெஞ்சின் வழியாக உருத்தேய்ந்து, முழுமை எனப் பொருள்படும் 'என்டயர்' என்றானது. தொற்றுநோயைக் குறிக்கும் 'கன்டேஜன்', வட்டத்தை ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுச் செல்லும் கோட்டுக்கு டென்மார்க்கின் கணிதவியலாளர் தாமஸ் ஃபின்கே 1583இல் இட்ட 'டேஞ்சன்ட்' என்னும் பெயர் ஆகியவையும் இக்கிளையினவே. வியப்பு என்னவெனில், தொடுதலுக்கு ஆங்கிலர் அன்றாடம் வழங்கும் 'டச்' என்னும் சொல்லுக்கு இக்குடும்பத்தில் இடமில்லை. அது தட்டும் ஓசையிலிருந்து பிறந்த வேறொரு வினையின் வழிவந்தது என்று கருதப்படுகிறது.

தொடாத பொருள் கெடாது என்னும் எண்ணமே முதற்பொருளிலிருந்து இன்றைய பொருளுக்குச் சொல்லைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஆனால் அவ்விரு பொருள்களும் எப்போதும் ஒன்றுபடுவதில்லை என்பதற்கு எகிப்தின் கல்லறைகளே தக்க சான்று. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துத்தன்காமுன் கல்லறையை ஏறத்தாழ 'இன்டாக்ட்' என்றே நூல்கள் குறிப்பிடுகின்றன. எனினும் மன்னன் அடக்கம் செய்யப்பட்ட சில காலத்திற்குள்ளாகவே திருடர் குறைந்தது இருமுறை அதனுள் புகுந்ததும், காவலர் வாயிலை அடைத்து மீண்டும் முத்திரையிட்டதும் அங்கிருந்த தடயங்களால் தெரியவந்தன. 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் எஞ்சியிருந்த அக்கல்லறைக்கு அப்பெயரடை பொருந்துவது அதன் இன்றைய பொருளில்தான். ஓர் உரோமானியர் கேட்டிருந்தால் மறுத்திருப்பார்.

இதற்கு நேர்மாறானது, நைல் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள தானிஸ் என்னுமிடத்தில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியேர் மோந்தே 1940இல் திறந்த முதலாம் சூசென்னஸ் மன்னனின் அடக்க அறை. கொள்ளையர் எவரும் அதனுள் நுழைந்திருக்கவில்லை. வெள்ளியால் செய்த சவப்பெட்டியும் பொன் முகமூடியும் வைத்த இடத்திலேயே இருந்தன. ஆனால் தெற்கிலுள்ள பாலைநிலத்தின் வறட்சி கழிமுகத்துக்கு இல்லாமையால், மனிதர் கை தொடாத அவ்வறையில் மரத்தாலான பொருள்களை ஈரம் மக்கச் செய்துவிட்டிருந்தது.