நோயாளிக்கும் ஒரு பேரேடு

வைத்தியசாலைக் கணக்கு என்றால் மருந்து வாங்கிய கணக்கும் பணம் வசூலான கணக்குமே என்று நம் அங்கத்தினர்களில் பலர் எண்ணுகிறார்கள். அவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. அது நோயாளிகளைப் பற்றிய குறிப்பு. சங்கமாவது பஞ்சாயத்தாவது ஒரு சிறு வைத்தியசாலை நடத்த முன்வருமிடத்து, கட்டிடத்தையும் மருந்து அலமாரியையும் பற்றி யோசிக்கும்போதே இதனையும் யோசித்தல் அவசியம்.

சில இடங்களில் ஒரு தடித்த ரிஜிஸ்டர் மட்டும் இருக்கும். வந்தவர் பெயர், வியாதி, கொடுத்த மருந்து ஆகியவை வந்த வரிசையில் அதில் எழுதப்படும். இது சங்கத்தின் நாள்வழிப் புத்தகத்தைப் போன்றது. இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று அது சொல்லும். இராமாயி என்பவள் சென்ற ஐப்பசியில் எதற்காக வந்தாள், அப்பொழுது இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை எளிதில் சொல்லாது. நாள்வழியை மட்டும் புரட்டி ஓர் அங்கத்தினரின் கடன் பாக்கியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம்! ஆகையால் அன்றோ ஆளுக்கொரு பக்கமாகப் பேரேடு வைக்கிறோம்? நோயாளிக்கும் அவ்வாறே தனி ஏடு வேண்டும்.

அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையில் முன்பு டாக்டர்கள் தத்தம் புத்தகத்தில் குறித்து வந்தார்கள். ஒருவருடைய விவரம் பல புத்தகங்களில் சிதறிக் கிடந்தது. 1907-ஆம் ஆண்டில் ஹென்றி பிளம்மர் என்ற டாக்டர், ஒருவருக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஓர் உறை என்னும் ஏற்பாட்டைச் செய்தார். எந்த டாக்டர் பார்த்தாலும் குறிப்பு அந்த உறையிலேயே சேரும்.

இதன் பயன் யாது? பெனிஸிலின் ஊசி சிலருக்கு ஒவ்வாது. ஒருமுறை உடம்பில் தடிப்பும் மூச்சுத்திணறலும் கண்டவருக்கு மறுமுறை போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருப்பார். நோயாளிக்கோ மருந்தின் பெயர் தெரியாது. ஏட்டின் தலைப்பில் சிவப்பு மையினால் எழுதிய ஒரு வரியே அவரைக் காக்கும். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து உண்ண வேண்டும். இடையில் நின்றவர் யாரென்று ஏடு காட்டினால்தான் ஆளனுப்பி அழைக்கலாம்.

கவனிக்க வேண்டிய விதிகளாவன:

1. ஒரே ஊரில் பல முனியாண்டிகள் இருப்பர். பெயருடன் தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, தெரு ஆகியவற்றையும் எழுதி, மாறாத ஓர் எண் கொடுக்க வேண்டும்.

2. எண் எழுதிய சீட்டை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். சீட்டை இழந்து வருவோருக்காக அகர வரிசையில் பெயர்ப் பட்டியல் ஒன்று இருத்தல் வேண்டும்.

3. தேதி, நோய்க்குறி, மருந்தின் அளவு, எத்தனை நாளைக்கு என்பன நோயாளி எதிரில் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும்.

4. பிழையைச் சுரண்டலாகாது. ஒரு கோடிட்டு அடித்து, அருகில் சரியானதை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

5. ஏட்டை வெளியே எடுத்தால், எடுத்தவர் பெயரும் தேதியும் எழுதிய அட்டையை அவ்விடத்தில் வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் பதிந்தாலும் இவற்றின் கருத்து மாறாது. பதிவுக்குத் தனியே ஒரு பிரதியும் வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பேரேடு நம் பேரேட்டினின்று வேறுபட்டது. சங்கக் கணக்கை மகாசபையில் வாசிக்கலாம். நோயாளியின் ஏட்டை வாசிக்கலாகாது. சங்கத் தலைவரேயாயினும் அதைப் புரட்டிப் பார்க்க உரிமையில்லை. ஒரு பெண்ணின் நோய் கிணற்றடியில் பேச்சாகுமானால், அவளைப் போன்ற பத்துப் பேர் நோயை மறைத்து வீட்டிலேயே கிடப்பர். ஆகவே அலமாரிக்குப் பூட்டும், சாவிக்குப் பொறுப்பாளி ஒருவரும் வேண்டும்.

ஆனால் நோயாளிக்கு மறைக்க வேண்டுவதில்லை. 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மன்றத்து ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளிகளின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாள் முதல் 3 ஆண்டுகள் டாக்டர் காப்பாற்ற வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வைத்தியசாலை நடத்தும் சங்கத்தார் அடுத்த மகாசபையில் இரண்டு கேள்விகள் கேட்பார்களாக: நோயாளி ஒவ்வொருவருக்கும் தனி ஏடு உண்டா? அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது?